பந்தியில் யார் பக்கத்தில் யார்?

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய நடுவர் அவர்களே! முழங்கு முழங்குன்னு முழங்கிட்டு, இப்போ தண்ணி குடிச்சுக்கிட்டிருக்கிற எதிரணி நண்பர் அவர்களே! அரங்கம் நிறைய உட்கார்ந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டுல சாப்பாட்டுத் தட்டை மடியில வச்சுக்கிட்டு எங்களைப் பார்த்துக்கிட்டிருக்கிற அன்பர்களே!

தலைப்பு என்ன? 'சரித்திரத்திலிருந்து நம்ம வீட்டு விருந்துக்கு அழைக்க வேண்டியவர்கள் மகுடம் சூடியவர்களே! மக்களோடு வாழ்ந்தவர்களே!' நான் மக்களோடு வாழ்ந்தவர்கள் பக்கம்.

எதிரணி நண்பர் யார் யாரை அழைச்சார்? ராஜராஜ சோழனை அழைச்சார், அக்பரை அழைச்சார், அலெக்சாண்டரை அழைச்சார். நடுவர் அவர்களே, நான் குடியிருக்கிற சந்துல ஒரு ஆட்டோ திரும்பினா எதிர்ல சைக்கிள் வர முடியாது. இந்த மூணு பேரோட யானையையும் குதிரையையும் நான் எங்க கொண்டுபோய்க் கட்டுவேன்? (சிரிப்பு)

ராஜராஜனை நான் குறை சொல்ல மாட்டேன். தஞ்சைப் பெரிய கோயில் சுவரிலே, ஆடல் மகளிர் 400 பேரோட பெயரையும், எந்தத் தெரு, எத்தனையாவது வீடு என்பதையும் வெட்டி வச்சிருக்கிறார். பணி செய்தவங்களோட பெயரைக் கல்லிலே எழுதணும்னு தோணிச்சே, அதுக்கே ஒரு கும்பிடு. ஆனா நண்பரே, ராஜாவோட பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடறதுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமா? உட்கார்ந்து பார்த்தவர் ஒருத்தர் எழுதி வச்சிருக்கார்.

மொராக்கோ நாட்டுல டாஞ்சியர் நகரத்துலே 1304-இல் பிறந்து, உலகத்துல பாதியைச் சுத்தி வந்தவர் இபின் பதூதா. 1340-களில் நம்ம மதுரைக்கு வந்தார். அப்போ மதுரையை ஆண்டவர் கியாசுத்தீன் தம்கானி என்கிற சுல்தான். அந்த சுல்தானும் இபின் பதூதாவும் அக்கா தங்கச்சியைக் கட்டினவங்க. நம்ம பாஷையில சொன்னா சகலை! (சிரிப்பு) ஒருநாள் சுல்தான் சாப்பிட்டுக்கிட்டிருக்கார். வலது பக்கம் காஜி, இடது பக்கம் இபின் பதூதா. அப்போ ஒரு கைதியை, அவன் பெண்டாட்டியோட, ஏழு வயசுப் பையனோட பிடிச்சுக்கிட்டு வர்றாங்க. சுல்தான் கையைக் காட்டுறார். மூணு தலையும் விழுந்தது. இபின் பதூதா முகத்தைத் திருப்பிக்கிட்டார். எழுந்தபோது தலைகள் தரையில கிடந்தன என்று எழுதுகிறார். அந்தக் கொடுமையைக் கண்டிச்சு எழுதினவரும் அதே மதத்துக்காரர், அதே வீட்டு மாப்பிள்ளை, அதே சாப்பாட்டுல பங்கு கொண்டவர்.

இதுதாங்க மகுடம் வச்சவனோட விருந்து. எல்லா ராஜாவும் இப்படின்னு நான் சொல்ல வரலை. ஆனா எந்த ராஜா கையைக் காட்டினாலும் நம்மால தடுக்க முடியாது. தடுக்க முடியாத ஆளை வீட்டுக்குக் கூப்பிடலாமா?

அந்த இபின் பதூதா என் விருந்துக்கு வரட்டும். மதுரையில அவருக்குச் சாகக் கிடக்கிற மாதிரி காய்ச்சல் கண்டது. ஊர்ல தாராளமாக் கிடைச்ச புளியை எடுத்து, கரைச்சுக் குடிச்சார். மூணு நாள் வயிறு போச்சு, காய்ச்சல் விட்டுப் போச்சு. அதையும் எழுதியிருக்கார். புளிக்கரைசலுக்கு நன்றி சொன்ன மனுஷன், நம்ம வீட்டு ரசத்தை வேண்டாம்னு சொல்ல மாட்டார்.

ரசம் என்றதும் ஞாபகம் வருது. ரசம் வைக்கிறதுக்கு ஒருத்தரை வரச் சொல்லியிருக்கேன். கணித மேதை ராமானுஜன். சிரிக்காதீங்க, அவர் கேம்பிரிட்ஜில இருந்த காலத்துல தன் சாப்பாட்டைத் தானே சமைச்சுச் சாப்பிட்டவர். அடுப்புல காய்கறியைக் கிண்டிக்கிட்டிருந்தபோது, நண்பர் மகலனோபிஸ் பத்திரிகையில வந்த ஒரு புதிரைப் படிச்சுக் காட்டினார். ஒரு தெருவில வரிசையா வீடுகள். ஒரு வீட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிற எண்களைக் கூட்டினாலும், அந்தப் பக்கம் இருக்கிற எண்களைக் கூட்டினாலும் ஒரே தொகை. அது எந்த வீடு? ராமானுஜன் கரண்டியை விடவே இல்லை. எல்லாத் தெருவுக்கும் பொருந்தற மாதிரி விடையையே சொல்லிட்டார். 288 வீடு இருந்தா 204-ஆம் வீடு. இங்கே கணக்கு வாத்தியார் யாராவது இருந்தா வீட்டுக்குப் போய்க் கூட்டிப் பாருங்க.

அதே ராமானுஜன் ஒரு தடவை ஒரு நண்பரையும், அவருக்கு நிச்சயிச்ச பெண்ணையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். ரசம் ஊத்தினார். மறுபடி ஊத்தினார். இன்னொரு தடவை ஊத்த வந்தபோது, அவங்க போதும்னு சொன்னாங்க. இவர் அறையை விட்டு வெளியே போனார். வரவே இல்லை. காத்திருந்து காத்திருந்து விருந்தாளிகள் எழுந்து போனாங்க. என்னன்னு விசாரிச்சா, ஆள் ஆக்ஸ்போர்டுக்கே போயிட்டார்! சில நாள் கழிச்சுத்தான் திரும்பி வந்தார். தான் ஆக்கினதை வேண்டாம்னு சொன்ன இடத்துல அவரால நிற்க முடியல. தாய்மார்களே, உங்களுக்கு இது புரியும். 'சாம்பார் கொஞ்சம் உப்பு தூக்கல்' என்று நாங்க சொல்லும்போதெல்லாம் நீங்க ஆக்ஸ்போர்டுக்குப் போகாம இருக்கீங்களே, அதுக்கு நாங்க கையெடுத்துக் கும்பிடணும்! (பலத்த கைதட்டல்)

நடுவர் அவர்களே, இந்தப் பட்டியலை ஒரு வாரமா வீட்டுல எழுதி எழுதி அடிச்சுக்கிட்டிருந்தேன். என் மனைவி பார்த்துட்டு ஒரே கேள்விதான் கேட்டாங்க. "யாரை வேணும்னாலும் கூப்பிடுங்க. யார் பக்கத்துல யாரை உட்கார வைப்பீங்க?"

அங்கேதான் எனக்கு வேர்த்தது. ஏன்னா வெளிநாட்டுல விருந்துன்னா என்ன பேசறதுன்னு யோசிப்பாங்க. நம்ம ஊர்ல விருந்துன்னா யார் பக்கத்துல யார் என்கிறதுதான் முதல் கேள்வி. அந்தக் கேள்வியாலே இந்தத் தமிழ்நாட்டு அரசியலே திசை திரும்பியிருக்கு.

ரெண்டு சாப்பாட்டைப் பத்திச் சொல்றேன். ரெண்டும் நிஜமா நடந்தது.

முதல் சாப்பாடு லண்டன்ல. 1909-ஆம் வருஷம், அக்டோபர் 24. அங்கே இருந்த இந்திய இளைஞர்கள் விஜயதசமி விருந்து நடத்துறாங்க. நேரம் சரியில்லாத நேரம். அந்த ஜூலை மாசம்தான் மதன்லால் திங்ரா, கர்சன் வைலி என்கிற அதிகாரியைச் சுட்டார். ஆகஸ்டில் அவரைத் தூக்கிலே போட்டாங்க. இந்திய மாணவர்களைப் போலீஸ் கண்கொத்திப் பாம்பாப் பார்த்துக்கிட்டிருக்கு. விருந்துக்குத் தலைமை தாங்க யாரைக் கூப்பிட்டாங்க? தென்னாப்பிரிக்கா டிரான்ஸ்வால் இந்தியர்களுக்காக வாதாட வந்திருந்த ஒரு வக்கீலை. பெயர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. வயசு 40. அவருக்குத் துப்பாக்கிப் பாதையில துளியும் சம்மதம் இல்லை. கூப்பிட்டவங்களுக்கு அவர் பாதையில சம்மதம் இல்லை. இருந்தாலும் வர்றேன்னார். ரெண்டே நிபந்தனை. சாப்பாடு சைவமா இருக்கணும். அரசியல் பேசக் கூடாது.

சமையல் பொறுப்பை ஏத்துக்கிட்ட இளைஞர்கள்ல ஒருத்தர் ஸ்ரீரங்கத்துக்காரர், டி.எஸ்.எஸ். ராஜன். பின்னால 1937-இல் சென்னை மாகாண மந்திரியானாரே, அதே டாக்டர் ராஜன். இந்தக் கதையைச் சொன்னவர் அவர்தான். சமையல் மும்முரமா நடக்குது. ஒல்லியா ஒருத்தர் உள்ளே வந்தார். யாரோ உதவிக்கு வந்த ஆள் என்று நினைச்சாங்க. அவரும் பேசாம காய்கறி வேலை பார்த்தார், தட்டு கழுவினார். சாயங்காலம் வ.வே.சு. ஐயர் வந்து பார்த்துட்டுப் பதறிப் போனார். "இவர்தானய்யா இன்னிக்குத் தலைவர்!"

அந்த ஒரு மேஜையில யார் யார் இருந்தாங்கன்னு எண்ணிப் பாருங்க. காந்தி இருக்கார். சாவர்க்கர் இருக்கார். வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர் இருக்கார். காந்தி ராமாயணத்தைப் பத்திப் பேசினார். சாவர்க்கரும் பேசினார். நம்ம நாட்டுச் சரித்திரத்துல பின்னால எதிரெதிர்த் துருவமாப் போனவங்க, அன்னிக்கு ஒரே சமையலைச் சாப்பிட்டாங்க. நாம கற்பனையா விருந்து நடத்துறோம், அவங்க நிஜமாவே நடத்திக் காட்டிட்டாங்க.

இதுல வ.வே.சு. ஐயரைக் கொஞ்சம் கவனமாப் பாருங்க. திருச்சிக்காரர். பாரிஸ்டர் படிக்க லண்டன் போனவர். 1910-இல் போலீஸ் தேடினபோது, தாடியும் தலைப்பாகையுமா சீக்கியர் வேஷத்துல தப்பிச்சுப் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தவர். அங்கே இருந்தபடி திருக்குறள் முழுவதையும் ஆங்கிலத்துல மொழிபெயர்த்து 1916-இல் கொண்டுவந்தார். முழுவதும்னா விருந்தோம்பல் அதிகாரத்தையும் சேர்த்துத்தான். 'குளத்தங்கரை அரசமரம்' எழுதினவர். பல்லாரிச் சிறையில கம்பனைப் பத்தி ஆங்கிலத்துல புத்தகம் எழுதினவர். தமிழுக்கு இப்படி ஒரு மனுஷன் கிடைக்கிறது அபூர்வம்.

ரெண்டாவது சாப்பாடு, அவர் நடத்தின பள்ளிக்கூடத்துல.

திருநெல்வேலிச் சீமையில சேரன்மாதேவி. அங்கே தமிழ்க் குருகுலம் நடத்தினார் ஐயர். எல்லா ஜாதிப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கணும், தமிழ் படிக்கணும், கைத்தொழில் கத்துக்கணும், உடம்பை வளர்க்கணும், தேசபக்தி வளர்க்கணும். நல்ல நோக்கம். காங்கிரஸ் 5,000 ரூபாய் கொடுத்தது. பிராமணரல்லாத பெரியவங்களும் நன்கொடை கொடுத்தாங்க. அங்கே ரெண்டு பிராமணப் பையன்களுக்கு மட்டும் தனியா இலை விழுந்தது. பெத்தவங்க கேட்டுக்கிட்டாங்க, நான் வாக்குக் கொடுத்திட்டேன் என்றார் ஐயர்.

ரெண்டே ரெண்டு இலைங்க. நூறு இல்லை, ரெண்டு. டாக்டர் வரதராஜுலு நாயுடு தன்னோட 'தமிழ்நாடு' பத்திரிகையில எழுதினார். ஈ.வெ. ராமசாமி நாயக்கர், நாம பெரியார்னு சொல்றோமே அவர், பொதுப்பணத்துல நடக்கிற தேசியப் பள்ளிக்கூடத்துல பந்தி வேற்றுமையான்னு கேட்டார். விவகாரம் காந்தியடிகள் வரைக்கும் போச்சு. காங்கிரஸ் கமிட்டியில வாதம், ராஜினாமா, மனஸ்தாபம். ஐயர் குருகுலப் பொறுப்பை விட்டு விலகினார்.

ஐயர் ஜாதி வெறியரா? இல்லை. அவர் எல்லாரோடும் சேர்ந்து சாப்பிடுகிறவர். லண்டன்ல சாப்பிட்டவர்தானே! தன் இலையைப் பத்தி அவருக்குத் தயக்கமே கிடையாது. அடுத்த வீட்டுக்காரர் கேட்டபோதுதான் தயங்கினார். எனக்கு ஐயர் மேல கோபம் வரலை, நடுவர் அவர்களே. பயம் வருது. உயிருக்குத் துணிஞ்ச மனுஷன், வேஷம் போட்டுக் கடல் கடந்த மனுஷன், ரெண்டு பையன்களோட அப்பா அம்மாகிட்ட 'முடியாது' என்று சொல்லத் துணியலையே. அப்போ நானெல்லாம் எம்மாத்திரம்?

எம்மாத்திரம்னு எனக்குத் தெரியும். நான் அஞ்சாவது படிக்கும்போது, சொந்தக்காரர் வீட்டு விசேஷம் ஒண்ணுக்குக் கூடப் படிச்ச ஒரு பையனைக் கூட்டிக்கிட்டுப் போனேன். எனக்கு உள்ளே இலை போட்டாங்க. அவனுக்குத் திண்ணையில போட்டாங்க. பாயசம் ரெண்டு பேருக்கும் ஒரே பாயசம்தான். நான் என்ன பண்ணினேன்? உள்ளே உட்கார்ந்து ரெண்டாந்தடவை வாங்கிச் சாப்பிட்டேன். திரும்பி வரும்போது அவன் ஒண்ணும் சொல்லலை. கோலி விளையாடலாமான்னுதான் கேட்டான். பந்தியைப் பத்தி ஐயரைக் கேள்வி கேட்கிற தகுதி எனக்கு அவ்வளவுதான்.

சரி, பெரியாருக்கு ஏன் அவ்வளவு கோபம்? அதுக்கும் ஒரு சாப்பாட்டுக் கதை இருக்கு. 1904-இல், 25 வயசுல, வீட்டை விட்டுக் காசிக்குப் போனார். பெரிய பணக்கார வீட்டுப் பிள்ளை. காசியில பிராமணருக்கு மட்டும் சாப்பாடு போடுகிற சத்திரத்துல அவரை வெளியே தள்ளினாங்க. பசி. தெருவில எறிஞ்ச எச்சில் இலையில மிஞ்சிக் கிடந்ததை எடுத்துச் சாப்பிட்டார். இலைன்னா என்ன என்பது அவருக்கு அந்தத் தெருவில தெரிஞ்சது. சேரன்மாதேவியில ரெண்டு இலை தனியா விழுந்தபோது, மத்தவங்க ரெண்டு இலையைப் பார்த்தாங்க. அவர் அந்தக் காசித் தெருவைப் பார்த்திருப்பார்னு எனக்குத் தோணுது.

1925 ஜூன் 3. பாபநாசத்துக் கல்யாண தீர்த்தம். மகள் சுபத்ரா தண்ணியில விழுந்துட்டாள். காப்பாத்தக் குதிச்ச வ.வே.சு. ஐயரும் அருவியோட போயிட்டார். வயசு 44. அந்த நவம்பர்ல காஞ்சிபுரம் மாநாடு. திரு.வி.க. தலைமை. வகுப்புவாரித் தீர்மானத்தை எடுத்துக்க மறுத்தாங்க. பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். அதுக்கு எத்தனையோ காரணம் உண்டு. ஆனா அந்த வருஷம் முழுக்க ஊரெல்லாம் பேசினது சேரன்மாதேவிச் சாப்பாட்டைத்தான்.

எதிரணி நண்பரே! உங்க அலெக்சாண்டர் படையெடுத்தா எல்லைதான் மாறும். எங்க ஊர்ல ரெண்டு இலையை இடம் மாத்திப் போட்டதுல ஒரு மாகாணத்தோட அரசியல் மாறிப் போச்சே. யாரோட உட்கார்ந்து பேசினா சரித்திரம் புரியும்? (கைதட்டல்)

அதனால என் விருந்துக்கு வ.வே.சு. ஐயரைக் கூப்பிடறேன். பெரியாரைக் கூப்பிடறேன். வரதராஜுலு நாயுடுவைக் கூப்பிடறேன். காந்தியடிகள் வருவார், கூப்பிடாமலே வந்து பாத்திரம் கழுவுவார். கஸ்தூரிபாவை மட்டும் தனியா வெத்தலை பாக்கு வச்சு அழைக்கிறேன். ஏன்னா, டர்பன்ல வீட்டுக்கு யார் யாரையோ அழைச்சுக்கிட்டு வந்து தங்க வச்சார் காந்தி. பஞ்சமர் குலத்துல பிறந்த ஒரு குமாஸ்தாவோட கழிவுப்பானையை எடுக்கச் சொல்லி, அம்மா அழுதுகிட்டே எடுத்தபோது, சிரிச்சுக்கிட்டே எடுக்கணும்னு சண்டை போட்டார். கையைப் பிடிச்சு இழுத்து வாசல் வரைக்கும் கொண்டுபோனார். இதை அவரே வெட்கப்பட்டுச் சுயசரிதையில எழுதியிருக்கார். காந்தியடிகள் கொள்கை பெரிசுதான். அந்த அம்மா அன்னிக்குப் பட்டதும் பெரிசுதான். என் விருந்துல கஸ்தூரிபா சமையலறைப் பக்கமே வரக் கூடாது. முதல் இலை அவங்களுக்கு.

விருந்துக்குச் சொந்தக்காரர் நான் இல்லை. இவ்வளவு பேரை உட்கார வைக்கிற தைரியம் எனக்கு இல்லை. வள்ளலாரை வந்து நடத்தித் தரச் சொல்லியிருக்கேன். 1867-ஆம் வருஷம் மே மாசம் 23-ஆம் தேதி வடலூர்ல சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டினார். பார்வதிபுரத்து ஜனங்க 80 காணி நிலம் கொடுத்தாங்க. அந்த அடுப்பு இன்னிக்கும் அணையாம எரியுது. அங்கே போனா நீ யாருன்னு யாரும் கேட்க மாட்டாங்க. பசியா, உட்காருன்னு சொல்லுவாங்க.

கேரளத்திலிருந்து சகோதரன் அய்யப்பனையும் வரச் சொல்லியிருக்கேன். 1917-இல் செறாய் என்கிற ஊர்ல, புலையர் வீட்டுப் பையனோட சேர்ந்து சாப்பிடுகிற விருந்து நடத்தினவர். பெரிய விருந்தெல்லாம் இல்லைங்க. சோறு, கொண்டைக்கடலையும் பலாக்கொட்டையும் போட்ட கறி. அவ்வளவுதான். அதுக்கே ஊர்ல அவருக்குப் 'புலையன் அய்யப்பன்' என்று பெயர் வச்சாங்க. அவர் அதைப் பட்டம் மாதிரி எடுத்துக்கிட்டார். அந்தக் கறியையே என் விருந்துக்கும் பண்ணச் சொல்லியாச்சு.

(மணி ஒலிக்கிறது)

நடுவர் மணி அடிச்சுட்டீங்க, ரசம் கொதிச்சிடுச்சு என்று எடுத்துக்கிறேன். ஒரே நிமிஷம். இலை போட்டு முடிச்சுடறேன்.

நீளமா ஒரே பந்தி. முதல்ல கஸ்தூரிபா. அடுத்தது இபின் பதூதா, புளி பழகினவர். காந்தியடிகளுக்கும் இலை போடறேன், பாத்திரம் கழுவறது அப்புறம். வரதராஜுலு நாயுடு. சகோதரன் அய்யப்பன். கரண்டியோட ராமானுஜன் நிற்கிறார், அவர் மூணாவது தடவை ஊத்தினாலும் யாரும் போதும்னு சொல்லக் கூடாது, சொல்லி வச்சிருக்கேன். இந்தக் கோடியில வ.வே.சு. ஐயர். அவருக்குக் கொஞ்சம் தள்ளிப் பெரியார். நடுவுல ரெண்டு இலை காலியா இருக்கு. அது தனியாச் சாப்பிட்ட அந்த ரெண்டு பையன்களுக்கு. ஐயர் தன் கையாலேயே அவங்களைக் கூட்டிக்கிட்டு வந்து உட்கார வைக்கட்டும். பெரியார் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுப்பார்.

திண்ணையில ஒருத்தன் உட்கார்ந்திருக்கான். அவனை உள்ளே கூப்பிட நான் போறேன். நடுவர் அவர்களே, உங்களுக்கும் ஒரு இலை எடுத்து வச்சிருக்கேன். யார் பக்கத்துல போடட்டும்?